ஆஸ்திரேலியாவுக்கு எழுபது கிலோ

எடை போடுகிறவனை யாருக்கும் பிடிக்காது. கூடினாலும் அவன் குற்றம், குறைந்தாலும் அவன் குற்றம்.

நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் மூட்டை எடை போட்டேன். ஓய்வு பெற்றதும் சும்மா உட்காரலாம் என்று பார்த்தேன். விடவில்லை. ஒரத்தநாட்டைச் சுற்றி எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் ஆட்டக்காரர்களை எடை போட என்னைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் பக்கம் போட்டியெல்லாம் எடைக் கணக்கில்தான். அறுபத்தைந்து கிலோ போட்டி என்றால் அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூடக் கூடாது. காலையில் எடை. தேறினவனுக்குக் கையில் சீல். தேறாதவனுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் குறையாவிட்டால் வெளியே.

ஆஸ்பத்திரியிலோ கொள்முதல் நிலையத்திலோ தராசு எண் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எல்லோரும் என் இனம். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

மொட்டை

சுதாகர் ஏழு வருஷமாக எங்கள் ஊர் அணியில் அறுபத்தைந்து கிலோ ஆடுகிறவன். பாடிப் போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவான். இயல்பான எடை அறுபத்தெட்டு. போட்டிக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு சோறும் தண்ணீரும் நிற்கும். விடியற்காலையில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு புது ஆற்றங்கரையில் ஓடுவான். மூன்று கிலோவை வேர்வையாகக் கரையில் விட்டுவிட்டு என் தராசுக்கு வருவான்.

ஒரு தடவை இருநூறு கிராம் கூடுதல். ஒரு மணி நேரம் கொடுத்தேன். சட்டை, அரைஞாண் கயிறு எல்லாம் போயிற்று. துப்பித் துப்பி நூற்றைம்பதைக் குறைத்தான். ஐம்பது கிராம் அசையவில்லை. அப்போது அவனுக்குத் தோள்வரை முடி. பக்கத்து சலூனுக்கு ஓடினான். மொட்டையாக வந்து ஏறினான். எண் அறுபத்தைந்தில் நின்றது. சீல் குத்தினேன்.

அவன் அம்மா பாக்கியம் அன்றைக்கு வந்திருந்தாள். புருஷன் இல்லை. நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒண்டியாகப் பயிர் செய்கிறவள். மகன் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரவங்க வர்றாங்க. இது வேண்டுதல்னு நீங்களே வந்து சொல்லிட்டுப் போயிடுங்க."

கலியபெருமாள் சட்டம்

எங்கள் ஊர் அணிக்கு மேனேஜர் கலியபெருமாள். உரக்கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஒரு நோய் உண்டு. எவனாவது பாஸ்போர்ட் ஆபீஸ் பக்கம் போனான் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குக் கடை திறக்க மாட்டான்.

முன்பு நம் ஆட்கள் வேலைக்காக வெளிநாடு போவார்கள். ஆட்டம் இங்கேயே நின்றுவிடும். இப்போது ஆட்டத்துக்கே கூப்பிடுகிறார்கள். ஒப்பந்தம், விசா, எல்லாம் உண்டு. கலியபெருமாள் அணியில் பிடிக்கிறவர்கள் இரண்டு பேர் மலேசியா போனார்கள். இன்னொருவன் துபாய். கலியபெருமாள் ஒரு சட்டம் போட்டான். வெளிநாட்டில் ஆடப் போனவன் திரும்பி வந்தால் ஊர் அணியில் இடமில்லை. சட்டம் போட்ட மறு மாதம் இன்னொருவன் போனான்.

அப்போதுதான் சுதாகரைப் பற்றி விசாரணை வந்தது. விசாரித்தவர் பாஸ்கர். திருவிடைமருதூர்க்காரர், மெல்போர்னில் குடியேறி அங்கே கபடி கிளப் நடத்துகிறார். ஒரு சீசனுக்குப் பாடிப் போக ஆள் வேண்டும். கலியபெருமாள் என் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். போகட்டும் விடு என்றேன்.

"நாத்து விட்டுத் தண்ணி கட்டறது நாம. பறிச்சிட்டுப் போயி நடறது எவனோ வயல்லயாண்ணே?"

மூன்று மூட்டைக்கு இரண்டு கிலோ குறைவு

பாஸ்கர் தனியாக வரவில்லை. கிளப்பின் பயிற்சியாளரையும் அழைத்து வந்தார். க்ரெய்க் என்று பேர், ஆஸ்திரேலியாக்காரர். போட்டி நடந்த பள்ளிக்கூட மைதானத்தில் என் தராசைப் பார்த்ததும் கேட்காமல் ஏறினார். நூற்றுப் பதினெட்டு. நெல் மூட்டை நாற்பது கிலோ. மூன்று மூட்டைக்கு இரண்டு குறைவு.

அவர் ரக்பி ஆடினவராம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எதிரிகள் மேலே விழுந்து அமுக்குவது. பாஸ்கர் விளக்கியதும், பந்து ஒன்று கூடுதல், மற்றபடி நம் ஆட்டம்தான் என்றேன். இருபத்துமூன்று வயதில் க்ரெய்க் ஊரை விட்டார். முதலில் பிரான்ஸ், பிறகு ஜப்பான். அங்கேதான் சம்பளம். ஆனால் அவர் காலத்தில் வெளிநாட்டில் ஆடப் போனவனைத் தங்கள் நாட்டு அணிக்கு எடுப்பது அபூர்வமாம். இவரை எடுக்கவே இல்லை. கலியபெருமாள் சட்டம் அங்கேயும் இருக்கிறது. அங்கே இருக்கிறவன் வெளியே போகிறான், இங்கே இருக்கிறவன் அங்கே போகிறான். எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் பாய்கிறது என்றே தெரியவில்லை.

வருத்தம் உண்டா என்று கேட்கச் சொன்னேன். சுதாகர் பக்கத்தில்தான் நின்றான். பாஸ்கர் கேட்டார். அந்தப் பெரிய மனுஷர் மெதுவாக என்னமோ சொன்னார், பாஸ்கர் அதைத் தமிழில் சொன்னார்.

"போனதுக்கு வருத்தம் இல்லையாங்கய்யா. நாட்டு டீம் ஆடுற அன்னிக்கு மட்டும் டிவிய அணைச்சிட்டு வெளிய நடக்கப் போயிடுவாராம்."

கோழிகள்

சுதாகரின் கால் க்ரெய்க்குக்குப் பிடித்துவிட்டது. எடை பிடிக்கவில்லை. அங்கே எதிரில் நிற்கிறவன் எல்லாம் எண்பதுக்கு மேல். இவன் மேல் நாலு பேர் விழுந்தால் விலா நிற்காது. அதனால் எழுபது கிலோ. அதற்கு ஒரு பொட்டுக்கூடக் குறையக் கூடாது. ஒரு மாதம் கழித்து வருவோம், இதே தராசில் பார்ப்போம், தேறினால் கையெழுத்து என்றார்கள். தேறாவிட்டால் மதுரைப் பக்கம் ஒருவன் எழுபத்துநாலில் தயாராக இருக்கிறான்.

ஏழு வருஷம் குறைக்கத் தெரிந்தவனுக்குக் கூட்டத் தெரியவில்லை. பழைய சோறு, உளுந்தங்களி, முட்டை. பாக்கியம் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து தராசில் ஏறுவான். அறுபத்தெட்டு முன்னூறு. மறுநாள் அறுபத்தெட்டு நூறு. எனக்குத்தான் காபி இறங்கவில்லை. மூட்டையில் ஈரம் பார்த்துத் திருப்பி அனுப்பினவன் நான். இவன் உடம்பில் ஏறுவது சதையா தண்ணீரா என்று எந்தக் கருவியை வைத்துப் பார்ப்பது? குறைவாகப் போய் விலா உடைந்தால் அதுவும் என் தராசின் பேரில்தான் வரும்.

எடைக்கு இரண்டு நாள் முன்பு எழுபது கிலோ நானூறு. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நம்ம பொண்ணு மூணு தடவ உண்டாயிருந்தா. ஒரு தடவயாவது நீங்க எடை பாத்திருப்பீங்களா?"

எடை நாள்

காலை ஒன்பது மணி. க்ரெய்க், பாஸ்கர், கலியபெருமாள், ஊரில் பாதி. முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்துத் தராசு சரி என்று காட்டினேன். சுதாகர் ஏறினான்.

அறுபத்தெட்டு இருநூறு.

இறங்கச் சொன்னேன். மறுபடி கல்லை வைத்தேன். கல் சரி. மறுபடி ஏற்றினேன். அறுபத்தெட்டு இருநூறு.

"தண்ணி குடிச்சியாடா?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து இல்ல மாமா."

"ஓடினியா?"

"ஓடினேன்."

"எதுக்குடா?"

"எடை நாளு மாமா."

பயத்தில் ராத்திரி சோறு இறங்கவில்லை. விடிந்ததும் எழுந்து கையும் காலும் தானாக ரெயின்கோட்டை மாட்டிவிட்டன. பாதிக் கரை ஓடின பிறகுதான் நினைவு வந்ததாம். சாப்பிடலாம் என்று வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறான். வீட்டில் ஒன்றும் இல்லை. எடை நாளில் அந்த வீட்டில் அடுப்புப் பற்றாது. பட்டினி கிடக்கிற பிள்ளைக்குத் தாளிக்கிற வாசனை போகக் கூடாது என்று ஏழு வருஷமாகப் பாக்கியம் வைத்திருக்கிற வழக்கம். அன்றைக்கும் மகன் தேற வேண்டும் என்று தானும் பட்டினியாகத்தான் வந்து நின்றாள். சுவரோரமாக, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

பாஸ்கர் என் காதருகே குனிந்தார். "ஐயா, ஒண்ணே முக்கால் கிலோதான். நீங்க பாத்துச் சொன்னா சரி" என்றார். தராசு சொல்வதைத்தான் நான் சொல்வேன் என்றேன். அவர் போனை எடுத்தார், மதுரைக்காரனைக் கூப்பிட.

தேறாதவனுக்கு ஒரு மணி நேரம் உண்டு என்றேன். அது குறைக்கத்தானே என்றார் பாஸ்கர். குறைக்க மட்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றேன். மொழிபெயர்த்தார். க்ரெய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

தண்ணீர். பன்னிரண்டு இட்லி. அறுபத்தெட்டு தொள்ளாயிரம். கலியபெருமாளைக் காணோம். சந்தோஷத்தில் கடைக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். மொபெட்டில் திரும்பி வந்தான், பின்னால் பத்து இளநீர், முன்னால் ஒரு தார் பூவன். யார் முகத்தையும் பார்க்காமல் இளநீரைச் சீவிச் சீவிக் கொடுத்தான். அறுபத்தொன்பது ஐந்நூறு. தொள்ளாயிரம். சுதாகருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு நிமிஷம் பாக்கி. இன்னும் ஒரு பழம். ஏறினான். எண் ஆடியது. ஆடி, எழுபதில் நின்றது.

எழுபது என்று சொன்னேன். அவன் இறங்கி நேராக வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். க்ரெய்க் எழுந்து வந்தார், எண் அணைந்த தராசைப் பார்த்தார், பாஸ்கரிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"வாந்திக்கு முன்னாடி போட்ட எடைதான் கணக்காங்கய்யா. இவரும் ஜப்பானுக்கு இப்புடித்தான் போனாராம்."

வெள்ளிக்கிழமை

போய்விட்டான். கலியபெருமாள் சட்டப்படி அணி நோட்டில் அவன் பேரை அடித்தான். அடித்துவிட்டு, அந்த நோட்டை நான் பார்க்கும்படி மூடாமல் வைத்திருந்தான்.

முதல் ஆட்டத்தைப் பாக்கியம் வீட்டில் போனில் பார்த்தோம். பாடிப் போனான். நாலு பேர் மேலே விழுந்தார்கள். பாக்கியம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எண்ணினேன். பதினொன்றில் எழுந்தான். "எந்திரிச்சிட்டான், திரும்பு" என்றேன்.

அங்கே வெள்ளிக்கிழமைதோறும் எடை போடுகிறார்கள். எழுபதுக்குக் குறைந்தால் அந்த வாரம் ஆட்டம் இல்லை, வெளியே உட்கார வேண்டும். முதல் வாரம் எழுபது நூறு. அடுத்த வாரம் அறுபத்தொன்பது அறுநூறு, உட்கார வைத்துவிட்டார்கள். எடை நாள் என்று மனசில் பட்டதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறதாம். இப்படி மூன்று வாரம் உட்கார்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவிடம் சொன்னால் அவளும் தூங்க மாட்டாள் என்று எனக்குத்தான் போன் செய்தான், வியாழக்கிழமை சாயங்காலம். ஒரு உதவி வேண்டும் என்றான். என்னவென்று சீக்கிரம் சொல்லித் தொலை என்றேன்.

"நாளைக்கு இங்க எடை மாமா. அம்மாவ நாளைக்கு அடுப்பப் பத்த வெக்கச் சொல்லுங்க."

வெளியூர் போகிற மூட்டை வழியில் எடை குறையும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் போன மூட்டை போன் போட்டு அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லும் என்று முப்பத்திரண்டு வருஷ வேலையில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.