உப்பளத்தில் கேட்டு வாங்கியது

வளைகாப்பு முடிந்தும் பெற்ற மகளை மாப்பிள்ளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். மருமகன் அனுப்ப மாட்டேன் என்றார். தூத்துக்குடியில் பெரிய டாக்டர் இருக்கிறாராம். "குத்தாலத்துக்குக் குளிக்க வரலாம் அத்தை, பிள்ளை பெற வரக்கூடாது" என்றார். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

டாக்டர் இருக்கட்டும். மகள் பகலெல்லாம் தனியாகக் கிடந்தாள். மருமகனுக்கு ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்கப் போய்விடுவார். இரண்டு தடவை தலைசுற்றி விழுந்திருக்கிறாள். போனில் சொல்லி அழுதாள்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் கூட்டி வந்துவிடுவது என்று தென்காசியில் பஸ் ஏறினேன். சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். கேட்டேன். "நாளைக்கு முக்கியமான வேலை இருக்கு அத்தை, அப்புறம் பேசுவோம்" என்றார். என்ன வேலை என்றால், அவருடைய ஆபீஸ் அதிகாரிக்குப் பூநாரை என்கிற கால் நீண்ட பறவையைக் காட்டவேண்டுமாம். அவருக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. காலை எட்டு மணிக்கு வருவார். அதற்குள் இடம் பார்த்துவைக்க வேண்டும்.

விடிந்ததும் மகள் காற்றாட வருகிறேன் என்று காரில் ஏறினாள். நானும் ஏறினேன்.

போன் காட்டிய முதல் இடத்தில் ஒரு சுற்றுச்சுவரும் நாலு நாயும். இரண்டாவது இடம் கடற்கரை. காக்காய்கள் மீன் குடலைக் கொத்திக்கொண்டிருந்தன. மூன்றாவது இடத்தில் தண்ணீர் நிறையக் கிடந்தது, பறவை ஒன்றுகூட இல்லை. மருமகன் போனைத் திட்டினார். பிறகு மகளைத் திட்டினார். அவள் சேலை கட்ட நேரமாக்கியதால்தான் எல்லாம் கெட்டதாம்.

எனக்குப் பறவை மேல் ஆசை கிடையாது. வீரகேரளம்புதூர்ப் பக்கம் எங்கள் வயலில் நாற்பது வருஷம் பறவை விரட்டியிருக்கிறேன். கிளி, மயில், குருவி எல்லாம் எனக்கு எதிரி. எதிரி எங்கே இறங்குவான் என்று தெரியாமல் விரட்ட முடியாது. கால் நீண்ட பறவை என்றால் கணுக்கால் தண்ணீர் வேண்டும். ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது.

உப்பள வேலைக்குப் போகிற ஒருத்தி தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் நடந்தாள். காரை நிறுத்தச் சொன்னேன்.

"ஏ தாயி, இன்னைக்கு எந்தப் பக்கம் ஆளு இறங்கல?"

"பம்புசெட்டுக்கு அந்தப் பக்கம் ஆச்சி. நேத்துதான் தண்ணி விட்டுருக்கு. எதுக்குக் கேக்கிய?"

"கொக்கு பாக்கணுமாம்."

"கொக்கு பாக்கவா? காரு வச்சா?" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அங்கே போய் வரப்பேறிப் பார்த்தால், வெள்ளையும் சிவப்புமாக இருநூறுக்குக் குறையாது. தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. மருமகன் குனிந்து குனிந்து படம் எடுத்தார். அதிகாரிக்குப் போன் போட்டார். "மூணு வாரமா அலைஞ்சு இடத்தக் கண்டுபிடிச்சிருக்கேன் சார்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மாப்ளே, பிள்ளைய இன்னைக்குக் கூட்டிட்டுப் போவட்டா?"

"மெதுவாப் பேசுங்க அத்தை. பறந்துரும்."

"சரி, மெதுவாக் கேக்கேன். கூட்டிட்டுப் போவட்டா?"

"அதான் முடியாதுன்னு சொல்லியாச்சுல்லா. பட்டிக்காட்டுல போயா என் பிள்ள பொறக்கணும்?"

தூரத்தில் ஒரு கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நான் வரப்பின் முனைக்குப் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"என்ன செய்யுதிய?"

"நாப்பது வருசம் விரட்டுன கை மாப்ளே. ஒரு தட்டு, ஒரு சத்தம். ஒண்ணு நிக்காது. உங்க சாரு வந்து வெறுந்தண்ணியப் பாத்துட்டுப் போவட்டும்."

"மிரட்டுதியளா?"

"ஆமா."

மகள் காருக்குள்ளிருந்து, "எம்மா, வேண்டாம்மா" என்றாள். நான் திரும்பவில்லை.

அந்தக் கார் வந்து நின்றது. மருமகனுக்கு முகம் கறுத்துவிட்டது. "கூட்டிட்டுப் போய்த் தொலைங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அத சாரு முன்னால சொல்லுங்க."

அதிகாரி வயதானவர், தொப்பி போட்டிருந்தார். பறவைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் என்னைப் பார்த்து, அம்மா யார் என்று கேட்டார்.

"என் மாமியார் சார். வைஃப டெலிவரிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. இன்னைக்குக் கிளம்புதாங்க."

"நல்லது, அம்மா வீட்ல இருக்கட்டும்" என்றார் அதிகாரி. அதற்கப்புறம்தான் நான் வரப்பை விட்டு இறங்கினேன்.

அன்றைக்கே மகளோடு பஸ் ஏறினேன். திருநெல்வேலி தாண்டியதும், "அவிய மானத்த வாங்கிட்ட" என்றாள்.

"ஆமா."

"இனி நான் அங்க போயி எப்படி வாழ?"

ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். பாவூர்சத்திரம் வருமுன்னே தூங்கிவிட்டாள்.

தென்காசியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மருமகன் மூன்றாம் நாள் வந்தார். அவளிடம் பேசினார், குழந்தையைத் தூக்கினார். நான் கொடுத்த காப்பியை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டார். இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

மூன்று மாதம் கழித்து மகளையும் பேத்தியையும் தூத்துக்குடியில் கொண்டுபோய் விட்டபோது வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று அவரும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை. பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.