எரிந்துபோன சீசனுக்கு ஒரு பாலிசி

1. ரசம் ஊற்றும் நேரம்

மாசி மாதத்தில் ஒரு மதியம், நாகல் நகரில் சந்தியாகுவின் மைக் செட் கடை தீப்பிடித்தது. எனக்குச் செய்தி வந்தபோது ஓட்டலில் சாம்பாரை முடித்துவிட்டு, ரசத்துக்குச் சோற்றில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஜெனரல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தனியார் கம்பெனிகள் கையில் இருந்த காலம். அப்படி ஒரு மதராஸ் கம்பெனிக்குத் திண்டுக்கல் வட்டாரத்து இன்ஸ்பெக்டர் நான். சந்தியாகு என் பார்ட்டி, அதாவது என்னிடம் பாலிசி எடுத்தவர். இலையை மூடிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

நான் போவதற்குள் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் குடம் குடமாக ஊற்றித் தீயை அணைத்துவிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில் பற்றியிருக்கிறது. நல்லவேளை, ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆம்ப்ளிபயர்கள் கருகிப்போயிருந்தன. ஊர் ஊராகப் பாடிய இசைத்தட்டுகள் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தன. குழாய் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் உருவம் தெரிந்தது; தொட்டால் உதிர்ந்தன.

சந்தியாகு அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்:

“சாமானுக்கு நீங்க தருவீங்க, அது தெரியும் சார். பங்குனியும் சித்திரையும் வருதே. அதுக்குள்ள என் வாடிக்கை வேற ஆளுகிட்டப் போயிட்டா, மறுவருசம் என்கிட்டத் திரும்பி வருவாங்களா? அம்புட்டுதான் எனக்குப் பயம்.”

அந்தப் பயம் நியாயமானது. மைக் செட் தொழிலில் மற்ற மாதங்களில் பிழைப்பு ஓடும், அவ்வளவுதான். பங்குனிக் கல்யாணங்களும் சித்திரைத் திருவிழாக்களும்தான் சோறு போடும். ஒரு ஊர்த் திருவிழாவில் ஒருமுறை வேறு செட் உள்ளே வந்துவிட்டால், அடுத்த வருஷமும் அதே ஆள்தான் வருவான்.

2. தலைமை அலுவலகம் கேட்ட கேள்வி

இந்த இடத்தில், சந்தியாகுவிடம் இரண்டு பாலிசி இருந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது சாதாரண ஃபயர் பாலிசி. சாமான் எரிந்தால் சாமானின் மதிப்பு வரும். அதை விற்கத்தான் நான் அவர் கடைக்குப் போனேன். எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “சாமானு எரிஞ்சா காசு வரும். சரி. சீசனு எரிஞ்சா யாரு சார் தருவா?”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் அதற்கென்றே ஒரு பாலிசி இருந்தது. பெயர் கான்சீக்வென்ஷியல் லாஸ் பாலிசி. ஆபீசில் நாங்கள் லாஸ் ஆஃப் பிராஃபிட் என்போம். மில் முதலாளிகள் எடுப்பார்கள். சின்னக் கடைக்காரர் ஒருவர் தானாகக் கேட்டு நான் பார்த்ததேயில்லை. பல ஏஜெண்டுகளுக்கே அது புரியாது. புரியாததை எப்படி விற்பது?

அன்று நான் அவருக்குச் சொன்ன விளக்கத்தை இப்போதும் மாற்ற வேண்டியதில்லை. தீயினால் கடை மூடிக் கிடக்கிறது. போன வருஷம் இதே மாதங்களில் என்ன வரும்படி, இந்த வருஷம் என்ன வரும்படி என்று பார்ப்பார்கள். குறைந்ததில், கடை மூடியதால் மிச்சமான செலவைக் கழிப்பார்கள். மண்ணெண்ணெய், வண்டிக்கூலி மாதிரி. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய கடை வாடகை, ஆள் சம்பளம், அதற்கு மேல் உங்கள் லாபம், இவை பாலிசிக்குள் வரும். எத்தனை மாதத்துக்கு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு இண்டெம்னிட்டி பீரியட் என்று பெயர். சந்தியாகுவுக்கு ஆறு மாதம் போட்டோம். இன்னொன்று: சாமானுக்கு ஃபயர் பாலிசி இல்லாமல் இதை மட்டும் தனியாக எடுத்துப் பிரயோஜனமில்லை. அடுப்பு எரிய வழி இருந்தால்தானே கஞ்சி கொதிக்கும்.

மனுவை அனுப்பினேன். மதராஸிலிருந்து பதில் வந்தது. மைக் செட் என்பது என்ன, அது உற்பத்தியா வியாபாரமா என்று கேட்டிருந்தார்கள். அது சத்தத்தை வாடகைக்கு விடும் தொழில் என்று எழுதிப் போட்டேன். என்ன நினைத்தார்களோ, பாலிசி வந்துவிட்டது.

3. சும்மா உட்கார்ந்த முதலாளி

தீப்பிடித்த மறுவாரம் கடைப் பக்கம் போனேன். சந்தியாகு வெள்ளை வேட்டி சட்டையில், கரிந்த கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மிடுக்கில் மாப்பிள்ளை வீட்டாரே தோற்றுப்போவார்கள். வரப்போகும் ஃபயர் பாலிசிப் பணத்தை நம்பிப் புது செட்டுக்கு மதராஸில் ஆர்டர் கொடுத்தாயிற்று. ஆம்ப்ளிபயர் வால்வுக்குத் தட்டுப்பாடு, வந்து சேர இரண்டு மூன்று மாதமாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் செய்ய மாட்டேன் சார். மதுரையில ஒரு சிநேகிதர் செட்டு தாரேன்னாரு. வேணாம்னுட்டேன். நான் சம்பாதிச்சா கம்பெனியில குறைச்சிருவாங்கள்ல.”

எனக்குத் தலை சுற்றியது. யாரோ ஒரு புண்ணியவான், பாலிசி எடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் பணம் வரும் என்று அவருக்கு வேதம் ஓதியிருக்கிறான். இந்தத் தப்பை அவர் மட்டும் செய்யவில்லை. பிற்காலத்தில் பெரிய பெரிய முதலாளிகளே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வேட்டி கசங்கினாலும் பரவாயில்லை என்று அவரைப் பிடித்து என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பாலிசியைத் தமிழில் படித்துச் சொன்னேன். நஷ்டத்தைக் குறைக்க முயற்சி செய்வது பாலிசிதாரரின் கடமை. அதற்காக வழக்கத்தைவிட அதிகம் செலவானால், அந்த அதிகச் செலவையும் கம்பெனி கொடுக்கும். செலவு, அதனால் தப்பிய நஷ்டத்தைவிடக் கூடிவிடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. சந்தியாகு திரும்பத் திரும்பக் கேட்டார்.

“அப்ப மதுரைக்காரருக்கு நான் குடுக்கிற வாடகையக் கம்பெனி தருமா?”

“தரும்.”

“என் ஆளுக ரெண்டு பேருக்கும் சம்பளம்?”

“அதுவும் உண்டு. நீங்க வேலை செஞ்சாத்தான் எங்களுக்கும் நல்லது.”

அன்று சாயங்காலமே மதுரை பஸ் ஏறிவிட்டார். பங்குனிக் கல்யாணங்கள் முழுவதும் மதுரைக்காரர் செட்டில் நடந்தன. கையில் நின்ற காசு குறைவு. ஆனால் கல்யாண வீட்டார் ஒருவர்கூட வேறு ஆளைத் தேடிப் போகவில்லை. சந்தியாகுவின் முகம் பழையபடி ஆனது. பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

4. பூக் கேட்ட ஊர்

சித்திரை பிறந்ததும் சிக்கலும் பிறந்தது. சித்திரையில் மதுரைக்காரர் தன் செட்டை வெளியூருக்குக் கொடுப்பாரா? அவருக்கே போதாது. திருப்பி வாங்கிக்கொண்டார். புது செட் வைகாசிக்கு முன் வராது. சந்தியாகுவின் பெரிய வாடிக்கையோ கன்னிவாடிப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே காளியம்மனுக்குத் திருவிழா நடந்த பிறகுதான் சுற்றியிருக்கும் சின்ன ஊர்களில் ஒவ்வொன்றாக நடக்கும். எல்லாவற்றுக்கும் சந்தியாகுதான் செட். அவர் சித்திரை என்று சொன்னாலே அந்த ஊர்களைத்தான் சொல்கிறார் என்று அர்த்தம்.

ஆக இதுதான் பெரிய க்ளெய்ம். நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி, வரதராஜன் என்ற சர்வேயரை மதராஸிலிருந்து அனுப்பியது. கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். போன வருஷத்து வரும்படியில் அவருக்குச் சந்தேகமில்லை. சந்தியாகுவின் மனைவி லூர்து மேரி கணக்கைப் பளிச்சென்று வைத்திருந்தார். இந்த வருஷமும் அந்த ஊர்கள் இவரைத்தான் கூப்பிட்டிருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்றுதான் வரதராஜன் கேட்டார். வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்ன வாக்குதான் ஆதாரம். அப்படியானால் வாக்குக் கொடுத்தவர்களையே கேட்டுவிடலாம் என்றார். மூன்று பேரும் கன்னிவாடிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து வெயிலில் நடந்து போனோம். வழியெல்லாம் சந்தியாகு தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார். இந்நேரம் அந்த ஊர் வேறு செட் பேசியிருக்கும் என்பது அவர் முடிவு. அதைத் தன் காதால் கேட்கப் போவதுதான் அவருக்கு வேதனை.

நாட்டாமை வீரணன் எங்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். சர்வேயர் தன் கேள்வியைக் கேட்டார்: இந்த வருஷத் திருவிழாவுக்கு யாருடைய மைக் செட்?

நாட்டாமை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இதென்னய்யா கேள்வி. சந்தியாகு செட்டுதான். அதுக்காகத்தான் இன்னும் சாமி சாட்டாம இருக்கோம்.”

சாமி சாட்டுவது என்றால் திருவிழா நாளை ஊருக்கு அறிவிப்பது; அதற்குமேல் எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். செட் எரிந்த செய்தி கேட்டதும் ஊர் கூடியிருக்கிறது. வேறு செட் பேசலாம் என்று ஒருவர். குழாயே வேண்டாம், மேளம் போதும் என்று ஒருவர். கடைசியில் அம்மனிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு, வெள்ளை வந்தால் வைகாசிக்குத் தள்ளி வைப்பது, சிவப்பு வந்தால் சித்திரையிலேயே நடத்துவது என்று பூக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை வந்திருக்கிறது. தாய் ஊர் தள்ளி வைத்ததால் சுற்றியிருக்கிற ஊர்களும் தள்ளி வைத்துவிட்டன.

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மைக் செட்டுக்காகவா திருவிழாவைத் தள்ளி வைத்தீர்கள் என்று கேட்டார்.

“செட்டு எங்கயும் கிடைக்கும்யா. இந்த வாயி கிடைக்குமா? யாரு சேவல் குடுத்தா, யாரு எண்ணெய் குடுத்தா, அம்புட்டுப் பேரையும் அப்பன் பேரு, தெருப் பேரோட மைக்குல சொல்லணும்ல. ஒருக்கா வேற ஆளு வந்து, மாமனார் குடுத்ததை மருமகன் குடுத்ததாச் சொல்லிப்புட்டான். ரெண்டு வீட்டுக்கும் இன்னமும் பேச்சில்ல. சந்தியாகு ஒரு பேரை விட்டதில்ல. அவன் சொன்னாத்தான் குடுத்தவனுக்குக் குடுத்த மாதிரி இருக்கு.”

இதைச் சொன்னால் சந்தியாகுவுக்குக் கம்பெனியில் நல்ல சாட்சியாகும் என்று நாட்டாமை நினைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஆமாம் சொல்ல வைத்தார். பாவம், அவர் சொல்லச் சொல்லச் சந்தியாகுவின் க்ளெய்ம் கரைந்துகொண்டிருந்தது. வைகாசி, பாலிசியின் ஆறு மாதத்துக்குள்தான் வருகிறது. சித்திரையில் வராத வரும்படி வைகாசியில் வந்துவிடும். டர்ன்ஓவர், அதாவது மொத்த வரும்படி, குறையாவிட்டால் நஷ்டமில்லை. நஷ்டமில்லாவிட்டால் ஈடும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சர்வேயர் இதைச் சந்தியாகுவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னார். மனுஷர் மனம் உடைந்துபோவாரோ என்று பயந்தேன். கடை மூடிக் கிடந்த நாளுக்கு வாடகை, சம்பளம், மதுரைச் செட்டின் அதிகச் செலவு எல்லாம் வரும், ஆனால் திருவிழாக்களுக்கு ஒன்றும் வராது என்று நானும் ஒத்து ஊதினேன். சந்தியாகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். பார்த்தால் கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நஷ்டமே இல்லைன்னு எழுதுங்க சார். பெரிய எழுத்துல எழுதுங்க. ஒரு நகல் குடுத்தீங்கன்னா கண்ணாடி போட்டுக் கடையில மாட்டிக்கிருவேன்.”

வரதராஜனும் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டுக்கு இங்கிலீஷ் வேண்டுமே. வெள்ளைப் பூவை எப்படி எழுதுவது என்று நானும் அவரும் ஆபீசில் மல்லுக்கட்டினோம். சம்பந்தப்பட்ட தெய்வத்தின் ஒப்புதல் பெற்று விழாக்கள் ஒத்திவைக்கப்பட்டன என்று முடித்தோம். தலைமை அலுவலகம் மறுபேச்சுப் பேசவில்லை.

5. வைகாசி

புது செட் வந்து, சாமி சாட்டி, திருவிழா நடந்தது. நானும் போயிருந்தேன். சந்தியாகு மைக்கைப் பிடித்து, மேலத்தெரு மாயாண்டி மகன் சின்னு ஒரு சேவல், கீழத்தெரு மொக்கையன் மருமகள் ஒரு படி எண்ணெய் என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் ஒரு முகம் மலர்ந்தது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற சந்தியாகு, காளியம்மன் சன்னதியில் தொண்டை கட்டும்வரை பேர் சொன்னார். நடுவில், மதராஸ் சர்வேயர் வரதராஜன் அவர்கள் ஒரு தேங்காய் என்று கேட்டது. அவர் என் மூலம் காசு கொடுத்தனுப்பியிருந்தார். சந்தியாகு என் பெயரையும் சொன்னார், அப்பா பெயரோடு. நான் ஒன்றுமே கொடுக்கவில்லை. ஆனாலும் பூரித்துப்போய் நின்றேன்.

நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பாலிசியைச் சின்னக் கடைக்காரர்களிடம் நிறைய விற்றேன். பிரீமியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளும் அதையே முதலில் கேட்க வேண்டும். “உங்க கடை மூணு மாசம் மூடிக் கிடந்தா, உங்களுக்காக யாரு காத்திருப்பாங்க?”

காத்திருக்கிற வாடிக்கையை விட்டுவிட்டு, போய்விடக்கூடிய வாடிக்கையின் வரும்படிக்குப் பாலிசி போடச் சொல்வேன்.