‘மீ’யை ‘ஐ’ ஆக்கிய விசாரணை

காளஹஸ்தி பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், லைனில் வேலை செய்யும் பெண்களுக்கு நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் ட்ரெய்னராக இருந்தேன். அங்கே நடந்த ஒரு விசாரணையை இன்றும் மறக்க முடியவில்லை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஜயபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பவானியை அவளுடைய சூப்பர்வைசர் மெஷின்மேல் தள்ளிவிட்டார். முழங்கையில் தையல். அவரோ, இவள்தான் தன்னைத் தள்ளினாள் என்று முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டார். அது உறுதியானால் அவளுக்கு வேலை போய்விடும். விசாரித்த மேனேஜர் வடக்கேயிருந்து வந்தவர். தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. என்னையும் உட்கார வைத்தார்கள், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

“என்னை அவர் தள்ளினார்” என்று மனதில் நினைத்ததை, பவானி வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் போட்டாள்.

“மீ ஹீ புஷ்ட், சார்.”

தமிழில் ‘என்னை’ எங்கே நின்றாலும் விழுந்தவள் அவள்தான். இங்கிலீஷில் முன்னால் நிற்பவர் தலையில் பழி விழும். மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாக்கியத்தை ‘மீ’யில் தொடங்கக் கூடாது, ‘ஐ’ போடு, அடுத்து ‘புஷ்ட்’, ‘ஹீ’ கடைசியில் வந்தால் ‘ஹிம்’ ஆகும் என்று பாடம் எடுத்தார். கையில் கட்டோடு நிற்கிற பெண்ணுக்கு இலக்கணம்! அவளும் வகுப்பில் நிற்பதுபோல் நின்று, நிதானமாகத் திருத்திச் சொன்னாள்.

“ஐ புஷ்ட் ஹிம்.”

மேனேஜர் குட் என்றார். அதையே டைப் அடிக்கவும் சொன்னார். சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் பவானி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எழுந்துவிட்டேன். என் வேலை போனாலும் போகட்டும், அவள் தமிழில் சொல்லட்டும், நான் மொழிபெயர்க்கிறேன், இல்லாவிட்டால் இந்த அறையை விட்டு நகரமாட்டேன் என்று கத்தினேன். ட்ரெய்னர் வகுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார் மேனேஜர். வெகுநேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் தமிழில் கேட்டு, அந்த வரியை நீக்கினார்கள். அவள் வேலை தப்பியது. சூப்பர்வைசரை வேறு லைனுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். யாரும் அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மறுவாரம் பவானி வகுப்புக்கு வரவில்லை. கேன்டீனில் பிடித்துக் கேட்டேன்.

“வேணாம் சார். தப்பா பேசிக்கினு இருந்தப்போ நெசம் இருந்துது. மேனேஜரு சொல்லிக் குடுத்தமாரி கரெக்டா பேசுனேன், தள்ளுனவ நானே ஆயிட்டேன்.”

இளம் ஆசிரியர்களே, அடிபட்டு வந்தவள் பேசும்போது பிழை திருத்தாதீர்கள். யார் தள்ளினார், யார் விழுந்தார் என்று முதலில் கேளுங்கள். ‘ஐ’யும் ‘மீ’யும் அப்புறம் சொல்லித்தரலாம், அவள் வந்தால்.