ஸ்பாரில் போட்ட பிள்ளையார் சுழி

வீட்டில் விமானம் கட்டுகிறேன் என்று சொன்னால், கேட்டவர்கள் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் டாலிகஞ்சில் ஒரு வாடகை வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அதன் முன்னறையில்தான் இரண்டு பேர் உட்காரும் சின்ன அலுமினிய விமானத்துக்குப் பட்டறை போட்டேன். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் சமையலறையில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள்.

பட்டறை சேர இரண்டு வருஷம் ஆயிற்று. சாந்தினி மார்க்கெட்டில் பழைய கம்ப்ரசர் கிடைத்தது. அதை ஓட்டினால் மாடியில், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்கார வங்காளி அம்மாளின் பாத்திரங்கள் அதிரும். "கீ ஹொச்சே?" என்று, என்னதான் நடக்கிறது அங்கே என்று, படியில் நின்று கத்துவார். கரண்ட் போனால்தான் அவருக்கு நிம்மதி. துளை போடும் மெஷின், தகடு மடிக்கும் மெஷின், ரிவெட் கன் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஆள்தான் வரவில்லை. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, மற்றவர் உள்ளே கைவிட்டு இரும்புக் கட்டையை ரிவெட்டின் மறுமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் மனைவியோ அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. பக்கத்து சீட்டில் அவள் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் ஸ்பார் வந்தது. இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடி முழுப் பாரத்தையும் தாங்குகிற சட்டம் அது. கம்பளி விரித்துப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பினால் அறை பெருக்கித் துடைத்திருந்தது. கம்ப்ரசரிலிருந்து அரம் வரை சந்தனமும் குங்குமமும். அவள் வாசலில் சிரித்தபடி நின்றாள்.

"குங்குமம் இந்த ஊர் ஈரத்துல நிக்காதுங்க. அதான் தகட்டுல நீங்க கோடு போடற ஊசியாலயே அழுத்திப் போட்டுட்டேன். பிள்ளையார் உள்ள இருந்தா எனக்குப் பயமில்ல. இனிமே நானும் வரேன்."

ஸ்பாரில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், அழகான பிள்ளையார் சுழி. ஆழமாக.

குனிந்து நகத்தால் கோட்டை நிரடிப் பார்த்தேன். ஒரு தொழிற்சாலையில் நான் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அலுமினியத்தில் ஊசிக்கோடு விழுந்தால், அந்த இடத்தில் நாளடைவில் விரிசல் விட்டு ஒருநாள் முறிந்துவிடும் என்பது எனக்குப் பாடம். தேய்த்துச் சரிசெய்கிற ஆழமும் இல்லை. முன்கோபி என்று பேரெடுத்தவன், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து அறைக்குள் வந்தவளை எப்படித் திட்டுவது?

"நல்லா இருக்கு" என்றேன்.

தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக அவள் சென்னை போன மாதம், யாருக்கும் சொல்லாமல் வேறு ஸ்பார் வரவழைத்து மாற்றினேன். பச்சை பெயிண்ட் பூசி உலர்த்தி, பழையதை அறுத்துக் காயலான் கடையில் போட்டேன். அவள் வந்ததும் கேட்டாள். "பெயிண்டுக்கு அடியில இருக்கு" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். நான் அடிப்பதற்கு முன்பே கட்டை சரியான இடத்தில் இருக்கும். கோணலாக அடித்தால் "இது சரியில்ல, எடுங்க" என்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்ததில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுவேன்.

இறக்கையின் மேல்தகட்டை மூடுகிற நாள். தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தவள் சட்டென்று அசையாமல் நின்றாள். சுழி இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ரிவெட் கன்னைக் கீழே வைத்தேன்.

"எப்ப மாத்தினீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, விரிசல், காயலான் கடை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானே மாத்தச் சொல்லியிருப்பேனே. இவளுக்கு என்ன புரியப்போகுதுன்னு நெனச்சிட்டீங்க." குரல் உயரவே இல்லை. "வேற என்னெல்லாம் பெயிண்டுக்கு அடியில இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வேணும்னா மொத்தத்தையும் பிரிச்சுக் காட்டறேன்."

"பிரிச்சா ப்ளேன் தெரியும். நீங்க தெரிவீங்களா?"

அவள் கட்டையை மறுபடி எடுத்து, மிச்சமிருந்த ரிவெட்டுகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை.

விமானம் தேறியது. சோதிக்க வந்தவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. தனியாகச் சில தடவை பறந்த பிறகு, இரண்டு ஆள் பாரத்தோடு ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்குக் காலையில் அவளைக் கூப்பிட்டேன். "நீங்க போயிட்டு வாங்க" என்று எனக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தாள். பெஹாலா ஓடுபாதையில், அவள் எடைக்கு மணலை நிறுத்து மூட்டையாக்கி, பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டினேன்.