சிவப்புத்தாள் அக்கா

கண் மங்கிப்போனதால்தான் அச்சகத்தில் அவளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரி படிக்கட்டு படிக்கட்டாகச் சொல்லித் திரிவது சுத்தப் பொய். அது மங்குகிற கண்ணா? ஒரே நீலம் என்று கடைக்காரர் எடுத்துப்போட்ட இரண்டு போர்வைகளை, "ஒண்ணுல பச்சை ஒளிஞ்சிருக்கு பாருங்க" என்று பிரித்து வைத்த கண் அது. யாரும் அனுப்பவில்லை. அவளாகத்தான் போனாள்.

அச்சகத்தில் அவளுக்குச் சிவப்புத்தாள் அக்கா என்று பெயர். பிஸ்கட் டப்பாவைச் சுற்றி வந்த சிவப்புக் கண்ணாடித்தாளை உள்ளங்கையளவு வெட்டி, பதினோரு வருடம் சட்டைப்பையில் வைத்திருந்தாள். புது லேபிளின் மாதிரி வந்ததும் விளக்கடிக்குக் கொண்டுபோய், இடது கண்ணை மூடிக்கொண்டு, தாள் வழியாகப் பார்ப்பாள். கடையில் பார்கோடு படிக்கும் ஸ்கேனருக்குச் சிவப்பு வெளிச்சம். அதற்குத் தெரிவதுதான் தாளிலும் தெரியும். சிவப்பின் மேல் கறுப்புக் கோடு பளிச்சென்று நிற்கும். நீலத்தின் மேல் கறுப்பு, எல்லாம் ஒரே இருட்டு. வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு போட்டாலோ, துடைத்துவிட்ட தரை மாதிரி ஒன்றுமே இருக்காது. "மிஷினுக்கும் எனக்கும் ஒரே கண்ணுடி" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சிரிப்பாள். ஓரத்தில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் அச்சு ஓடும்.

அதற்கு முன் எட்டு வருடம் அவள் ஒரு பெரிய கடையில் பில் போட்டவள். மிஷின் படிக்காத பொட்டலம் வந்தால், கோட்டுக்கு அடியில் இருக்கிற பதிமூன்று எண்ணையும் விரலால் தட்ட வேண்டும். தட்டி முடிப்பதற்குள் வரிசை முழுவதும் உச்சுக் கொட்டும். அதை அவள் மறக்கவேயில்லை. விடுமுறை நாளில் புருஷனை இழுத்துக்கொண்டு ஏதாவது கடைக்குப் போவாள். தான் பார்த்துவிட்ட லேபிள் 'பீப்' என்று ஒரே தடவையில் படிப்பதைக் கவுண்டர் ஓரமாக நின்று கேட்பாள்.

"கச்சேரிக்கா வந்த? கையையும் தட்டிட்டு வா, போவோம்" என்பான் அவன். நல்ல காலம் அது.

அப்புறம்தான் சோப்புக்காரர் வந்தார். வெள்ளைத் தாளில் சிவப்பு ரோஜா, கோடும் ரோஜாச் சிவப்பிலேயே வேண்டுமாம்.

"கறுப்புல போட்டா ஜெயில் கம்பியாட்டம் இருக்கு. நான் விக்கிறது சோப்பா, கைதியா?"

"அப்ப கரும்பச்சையில போடலாங்க. ரோஜான்னா காம்பு இருக்கும்ல? மிஷினும் படிக்கும்."

அவர் அசையவில்லை. மறுநாள் முதலாளி, பாதி வேலை அவரால்தான் ஓடுகிறது என்று மாதிரித் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் நகர்த்தினார்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுட்டுப் போயேன்."

"போடலாம் அண்ணே. எங்கயோ ஒரு பொண்ணு நாள் பூரா உக்காந்து தட்டுவா. திட்டும் அவளுக்குத்தான் விழும்."

"எவளோ ஒருத்திக்காக நீ வேலையை விட்டுருவியா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். சட்டைப்பையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்து, ரோஜாவுக்குக் கீழே இருந்த கோடுகளின் மேல் வைத்து, சுருக்கம் போக விரலால் நீவிவிட்டாள். கோடுகள் போன இடம் தெரியவில்லை. முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாளை எடுக்காமலே வாசலைத் தாண்டிப் போனாள்.