சோதித்துப் பார்க்காத பதினொன்றாவது மாற்றம்

யுத்தம் முடிவதற்கு ஒன்றிரண்டு வருடங்களுக்கு முன், கொழும்பில் நடந்தது இது. வெள்ளவத்தையில் வேறு மூன்று பெண்களுடன் ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, நுகேகொடையில் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனிக்குப் போய்வந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான், கொழும்பில் ஏன் இருக்கிறாய் என்று பொலிஸ் கேட்கும்போது காட்ட ஒரு கடிதம் கிடைக்கும். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்து மேசையில் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி. என் வயதுதான். இருவரும் ஒரே புரோகிராமைத்தான் எழுதினோம். எழுதியதைப் பொது சேர்வரில் சேர்ப்பதை ‘கொமிட்’ பண்ணுவது என்போம். நான் ஒரு வாரத்து வேலையை வெள்ளிக்கிழமை மொத்தமாகத் தள்ளிவிட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் ‘மாற்றங்கள்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகிற ஆள். அவளுக்கோ அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“ஒரு மாத்தத்துக்கு ஒரு கொமிட். என்ன செஞ்ச, ஏன் செஞ்சன்னு ஒரு வரி எழுது. நாளைக்கு நீ வராட்டி நான் என்னத்த பார்த்து விளங்கிக்கிறது?”

“ஏன், நான் எங்க போகப்போறன்?” என்று நக்கலடித்தேன்.

வெளிநாட்டு நூலகம் ஒன்றுக்கு நாங்கள் செய்த புரோகிராமை, ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு அவர்களுக்கு இயக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் அவள் என்னை எழும்பவே விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே என் வேலையைப் பதினொரு துண்டாகப் பிரித்துச் சேர்த்தேன். கடைசித் துண்டு, திகதி வைத்துப் புத்தகம் தேடுவது. அதைச் சோதிக்க நேரமில்லை. எரிச்சலில், ‘இதைச் சோதிக்கவில்லை, இருட்ட முதல் ஆமி செக்பொயின்ட் தாண்ட வேண்டும்’ என்று குறிப்பு எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு ஆமியும் பொலிஸும் எங்கள் வீதியை வளைத்தார்கள். எங்கள் நால்வரையும் பொலிஸ் நிலையத்துக்கு ஏற்றிப்போய் போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அங்கே நீள மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பயம் ஒருபக்கம், சுவரில் இருந்த மணிக்கூடு மறுபக்கம். அந்தக் கடைசி மாற்றத்தோடு அப்படியே இயக்கினால் என்ன ஆகுமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலை அன்றோடு சரி என்றே முடிவுகட்டிவிட்டேன்.

ஓர் அதிகாரி என் தற்காலிக அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதையோ எழுதிக்கொண்டு, ஒருவழியாகப் போகச் சொன்னபோது மணி இரண்டரை. சீப்பால் தலைகூட இழுக்காமல் ஓட்டோ பிடித்து ஒபீசுக்குப் போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

“எல்லாம் நல்லா முடிஞ்சுது,” என்றாள் அவள். “காலைல உன்ட கடைசி குறிப்ப பார்த்தேன். ஓட்டிப் பார்த்தா புரோகிராம் அப்படியே நின்னுடுச்சி. அத மட்டும் கழட்டிட்டு மத்த பத்தையும் காட்டினோம். நீ அத எழுதாம விட்டிருந்தா, ரெண்டு மணிக்கு மானம் போயிருக்கும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சோற்றுப் பார்சலை என் பக்கம் தள்ளினாள். “போன வருஷம் என்னையும் இப்படித்தான் ஏத்திட்டுப் போனாங்க. மூணு நாள். என்ட வேலை யாருக்கும் விளங்கல. சரி, சாப்பிடு.”

‘நாளைக்கு நீ வராட்டி’ என்று அவள் சும்மா சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நக்கலடித்ததை நினைத்து வெட்கப்பட்டேன். அடுத்த மாதம் கடிதமும் கிடைத்தது.

இப்போது என்னை யாரும் வழியில் மறிப்பதில்லை, ஆனாலும் மேசையை விட்டு எழும்ப முதல் அவளுக்கென்று நினைத்து ஒரு வரி எழுதிவைக்கிறேன். மறுநாள் காலையில் அதை நானே திறந்து வாசிக்கும்போது, அன்று ஒபீஸ் வாசலில் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டபோது வந்த அதே ஆறுதல் இன்றும் வருகிறது.