இருக்கேனுங்க

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கடைசிப் பெண் ஜலகண்டாபுரத்தில் எங்கள் விசைத்தறிகளைப் பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டவும் படித்தாள். ஓமலூர்ப் பக்கத்து விமானத் திடலில் அவள் முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று நானும் போயிருந்தேன்.

சின்ன விமானம் மேலேறிய சிறிது நேரத்தில், கீழே நின்ற வாத்தியாரின் ரேடியோவில் ஏதோ செய்தி வந்தது.

"பட்டாளத்து ஜெட் ஒண்ணு சோதனைக்குப் பறக்குதுங்கம்மா. இந்தப் பக்கமாத்தான் வருது. பொண்ணு தாழவே பறக்கோணும்" என்றார் என்னிடம்.

அதையே அவளுக்கு இங்கிலீஷில் சொன்னார். பதில் இல்லை. மறுபடி சொன்னார். அப்போதும் இல்லை. அதற்குள் ஜெட் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் நாங்கள் நின்ற கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. மேகத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வாத்தியாருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது, இங்கிலீஷெல்லாம் மறந்துபோன குரல் ஒன்று கத்தியது.

"இருக்கேனுங்க! தாழத்தானுங்க இருக்கேன்!"

"ரேடியோவுல இப்படியா பேசுவாங்க? உள்ளேன் ஐயான்னு சொல்லாம விட்டாளே!" என்று வாத்தியார் சிரித்துவிட்டார்.

இறங்கி வந்தவளை, "மொதல்லயே வாயத் தொறந்தா என்னடி?" என்று கேட்டேன்.

"பதட்டத்துல ரேடியோப் பொத்தானை அமுக்காமப் பேசிட்டேனுங்கம்மா."

எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதை எழுதினாள்.

"ஏஞ்சாமி, நான் அழுதேன்னு எங்கியாச்சும் சேத்துட்டியா? மொதல்லருந்து படி, கேக்கறேன்."